மாணவர் குறையும் கல்லூரியில் வளாகத்தை நடத்துவது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

இரண்டாயிரம் பேருக்கென்று கட்டிய வளாகத்தில் எழுநூறு பேர் படித்தால், பராமரிப்புச் செலவும் மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்று நிர்வாகக் குழுவில் எல்லோரும் நினைப்பார்கள். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வளாகப் பொறுப்பில் இருந்த முதல் வருடம் நானும் அப்படித்தான் நம்பினேன். அப்படி ஆகாது. மொட்டைமாடி அதே அளவில்தான் மழையை வாங்கும். டிரான்ஸ்ஃபார்மர் ராத்திரி பகலாக ஓடும். காம்பவுண்டுச் சுவர் ஒரு அடிகூடக் குறையாது. மாணவர் குறைந்தால் குறைவது கட்டண வருமானம் மட்டும்தான். செலவு தானாகக் குறையாது. நாம்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் குறைக்க வேண்டும், அதுவும் சரியான வரிசையில்.

இது ஏதோ ஒரு கெட்ட வருடத்தின் பிரச்சினை இல்லை. 1984-ல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. ஒரு கட்டத்தில் தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருந்தன. இப்போது நானூறு சொச்சம். ஒவ்வொரு கலந்தாய்வு முடியும்போதும் ஒற்றை இலக்கத்தில் மாணவர் சேர்ந்த கல்லூரிகளின் செய்தி வருகிறது. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள்) 1.4. அதாவது வருங்காலத்தில் பதினெட்டு வயதைத் தொடப்போகும் பிள்ளைகளே குறைவு. போதாததற்கு, 2024 முதல் நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இருந்த இட உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ எடுத்துவிட்டது. பெரிய கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸில் செக்‌ஷன்களைக் கூட்டிக்கொண்டே போகின்றன. நடுத்தரக் கல்லூரிக்கு வரவேண்டிய பிள்ளை அங்கே போய்விடுகிறது.

ஆகவே "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருக்காமல் சுருக்கும் வேலையை இப்போதே தொடங்கலாம். செய்யும் முறையை என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். தாளாளர், முதல்வர், எஸ்டேட் ஆபீசர் மூவரும் சேர்ந்து படித்தால் நல்லது.

முதல் படி: நான்கு வருடக் கணக்கைப் போடுங்கள்

பொறியியல் நான்கு வருடப் படிப்பு என்பதால் சரிவு முழுதாகக் கண்ணில் பட மூன்று வருடம் ஆகும். ஒரு கணக்கு பாருங்கள். இறுதி ஆண்டில் 420, மூன்றாம் ஆண்டில் 330, இரண்டாம் ஆண்டில் 240, இந்த வருடம் சேர்ந்தவர்கள் 180 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,170. இனி சேர்க்கை சரியவே இல்லை, 180-லேயே நிற்கிறது என்றாலும் அடுத்த வருடம் 930, அதற்கடுத்து 780, பிறகு 720 என்று இறங்கும். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களால் கொஞ்சம் கூடலாம். நீங்கள் திட்டமிட வேண்டியது 720-க்கு. 1,170-க்குத் திட்டம் போட்டால், மாற்றி முடிப்பதற்குள் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது வகுப்பறைத் தேவை. இதைத் தலை எண்ணிக்கையில் போடாதீர்கள், செக்‌ஷன் எண்ணிக்கையில் போடுங்கள். ஆறு பிரிவு, நான்கு ஆண்டு என்றால் 24 செக்‌ஷன். ஒவ்வொன்றிலும் முப்பது பேர்தான் என்றாலும் 24 அறை வேண்டும். அதனால்தான் மாணவர் பாதியானாலும் அறை பாதியாவதில்லை. முதல் செமஸ்டர் பாடங்கள் பெரும்பாலும் எல்லாப் பிரிவுக்கும் பொது என்பதால், மெக்கானிக்கல், சிவில், இ.இ.இ முதலாண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பாக உட்கார வைக்க முடியும். இதற்குத் துறைத் தலைவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். முதல்வர்தான் பேசி முடிக்க வேண்டும்.

மூன்றாவது, நேரில் போய் எண்ணுவது. கால அட்டவணையை நம்பாதீர்கள். மூன்று வாரத்துக்குச் செவ்வாய் காலை 11 மணிக்கும் வியாழன் மதியம் 3 மணிக்கும் ஒருவர் நோட்டுடன் எல்லா அறைகளையும் சுற்றி, எந்த அறையில் எத்தனை பேர், ஃபேன் லைட் ஓடுகிறதா என்று எழுதட்டும். நாங்கள் எண்ணியபோது ஒர்க்‌ஷாப் வாரத்துக்கு இரண்டு மதியம்தான் திறந்தது. கம்ப்யூட்டர் லேப்பிலோ காலை எட்டரையிலிருந்து இடமே இல்லை. பெரும்பாலான வளாகங்களில் காலியிடம் சிவில், மெக்கானிக்கல் பக்கம் குவியும், நெருக்கடி கணினிப் பக்கம் இருக்கும். சராசரி போட்டால் இது தெரியவே தெரியாது.

இரண்டாம் படி: பூட்டுவதற்கு முன் இடங்களைக் குறையுங்கள்

இதைப் பலர் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். ஏ.ஐ.சி.டி.இ அளவுகோலில் அறுபது பேர் வகுப்பறைக்கு 66 சதுர மீட்டர், ஆய்வகத்துக்கு 66, ஒர்க்‌ஷாப்புக்கு 200 என்று பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. உங்கள் ஆண்டுக்குரிய கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு போடப்படுவது அனுமதிக்கப்பட்ட இடங்களை வைத்து. 120 இடம் வாங்கி வைத்துக்கொண்டு 18 பேர் படித்தாலும், ஆய்வுக்கு வருபவர்கள் 120 பேருக்கான அறையையும் ஆய்வகத்தையும் கேட்பார்கள். ஆசிரியர் எண்ணிக்கையும் அப்படித்தான்.

ஆக, முதலில் ஏ.ஐ.சி.டி.இ விண்ணப்பத்தில் இடங்களைக் குறைப்பது அல்லது பிரிவை மூடுவது, அதை அண்ணா பல்கலைக்கழக இணைப்பிலும் பிரதிபலிக்கச் செய்வது. அதற்கப்புறம்தான் பிளாக்கைப் பூட்டுவது. பிரிவை மூடினாலும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் முடிக்கும்வரை ஆய்வகம் இயங்க வேண்டும். அரியர் வைத்தவர்களுக்குச் செய்முறைத் தேர்வும் வரும். அதனால் கடைசி பேட்ச் வெளியே போனதும் மறுநாளே லேத்தை விற்காதீர்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு செட் மட்டும் தனியாக எடுத்து, இயங்கும் நிலையில் வைத்திருங்கள்.

இடங்களைக் குறைத்தால் கௌரவம் போய்விடும் என்று தாளாளர்கள் தயங்குவார்கள். கலந்தாய்வில் 120-க்கு 18 நிரம்பியது என்று வெளியே தெரிவதைவிட 30-க்கு 18 நிரம்பியது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

மூன்றாம் படி: குழாயும் கேபிளும் எங்கே போகின்றன என்று வரைந்துகொள்ளுங்கள்

எந்த பிளாக்கை மூடலாம் என்று முடிவெடுக்கும் முன் இந்த வேலை முடிந்தாக வேண்டும். பிளம்பர், எலக்ட்ரீஷியன் இருவரையும் கூட்டிக்கொண்டு வளாகம் முழுக்க நடங்கள். சம்ப் எது, எந்த மோட்டார் எந்த மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறது, வால்வு எங்கே, எந்த பேனலில் இருந்து எந்தக் கட்டிடத்துக்குக் கேபிள், நெட்வொர்க் ஃபைபர் எந்த அறை வழியாகப் போகிறது, தீயணைப்புக் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் வரையுங்கள். வால்வுகளுக்கு எண் போட்டுத் தகரத்தில் எழுதிக் கட்டுங்கள்.

எங்கள் கல்லூரியில் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி, இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த பிளம்பரைத்தான் முதலில் நிறுத்தினார்கள். வரைபடம் எதுவும் கிடையாது. எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அந்த டிசம்பரில், பூட்டிய பிளாக்குக்கு அடியில் குழாய் வெடித்தது. தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாமல் இரண்டு நாள் தொட்டி நிறைய நிறையக் காலியானது. பெண்கள் விடுதியில் காலையில் குளிக்கத் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் வெட்கத்தை விட்டு அவருக்கே போன் செய்தேன். "சார், மெஸ்ஸுக்குப் பின்னாடி வேப்பமரம் இருக்குதுல்லைங்க, அதுல இருந்து மூணு அடி தள்ளித் தோண்டச் சொல்லுங்க. மூடி மண்ணுக்குள்ள போயிருக்கும்" என்றார். தோண்டினோம். வால்வு அங்கேதான் இருந்தது.

வளாகத்தை நன்றாகத் தெரிந்த ஆட்களைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கும் வேலைக்கு அவர்கள்தான் மிகவும் தேவை. ஆள் குறைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ஓய்வு பெறுபவர் இடத்தை நிரப்பாமல் விடுங்கள். வெளி ஒப்பந்தங்களைச் சுருக்குங்கள். யாரையாவது அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள், பணிக்கொடையையும் பி.எஃப் கணக்கையும் முடித்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

நான்காம் படி: அறை அறையாக மூடாதீர்கள், பிளாக் பிளாக்காக மூடுங்கள்

ஐந்து கட்டிடத்திலும் ஆங்காங்கே சில அறைகளைப் பூட்டினால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. ஐந்து கட்டிடத்தையும் கூட்டித் துடைக்க வேண்டும், ஐந்திலும் கழிப்பறை, வராந்தா விளக்கு, வாட்ச்மேன். எல்லோரையும் மூன்று கட்டிடத்துக்குள் கொண்டுவந்தால்தான் மீதி இரண்டின் செலவு குறையும். அதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. பதினைந்து பிள்ளைகள் மட்டும் நடமாடும் வராந்தாவில் படிப்பவர்களுக்கு மனசு விட்டுப்போகிறது. அதே பிள்ளைகள் மற்றவர்களோடு ஒரே கட்டிடத்தில் இருக்கும்போது கேன்டீனில் சத்தம் இருக்கும், நூலகத்தில் ஆள் இருக்கும். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

எதை மூடுவது? வழக்கமாகக் கடைசியில் ஒதுக்குப்புறமாக இருக்கும் கட்டிடத்தைக் கை காட்டுவார்கள். அந்தக் கட்டிடத்தின் தரைத்தளத்தில்தான் மெயின் பேனலோ சர்வர் அறையோ இருக்கும். அப்போது அதை மூடியும் மூடாத மாதிரிதான். தண்ணீரும் மின்சாரமும் தனியாக வெட்டிவிடக்கூடிய கட்டிடம், வரும் ஐந்து வருடத்தில் பெரிய பழுதுச் செலவு வைக்கப்போகிற கட்டிடம், பிள்ளைகள் நடக்கும் வழியில் குறுக்கே நிற்காத கட்டிடம். இந்த மூன்றும் எங்கே சேர்ந்து வருகிறதோ அதை எடுங்கள். மூன்று மாடிக் கட்டிடத்தில் மேல்மாடியை மட்டும் மூடலாமா என்று கேட்பார்கள். மூடலாம். ஆனால் மொட்டைமாடி ஒழுகினால் யாருக்கும் தெரியாமலே போகும், அதனால் வாரம் ஒருமுறை ஒருவர் மேலே ஏறிப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரே கட்டிடத்தில் ஆட்களைக் கூட்டும்போது படிக்கட்டை எண்ணுங்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் இழந்த மாநிலம் இது. மூடிய பகுதிக்குப் போகும் கதவு, திறந்திருக்கும் பகுதியின் அவசர வழியாகவும் இருந்தால் அதைப் பூட்டக் கூடாது. பெண்கள் கழிப்பறை எண்ணிக்கை போதுமா என்று பாருங்கள். மூடப்போகும் பிளாக்கில்தான் அவர்களுக்கான பெரிய கழிப்பறை இருந்தது என்பது மாற்றின பிறகு தெரிந்தால் கஷ்டம். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் இருந்தால் அவருடைய வகுப்பு முழுவதையும் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து விடுதிக்கும் போகும் பாதையில் ஒரு விளக்கைக்கூட அணைக்காதீர்கள். காலிக் கட்டிடத்தை ஒட்டிய பாதை என்றால் இன்னும் இரண்டு விளக்கு கூடுதலாகப் போடுங்கள்.

மாற்றும் வேலைக்கு ஏற்ற காலம் மே மாதமும் ஜூன் முதல் பாதியும். செமஸ்டர் நடுவில் மாற்றினால் பாதி பெஞ்சு வராந்தாவில் கிடக்கும்.

ஐந்தாம் படி: மூடிய கட்டிடத்தை வாராவாரம் பாருங்கள்

முதல் தடவை நாங்கள் செய்தது இவ்வளவுதான்: மெயினை இறக்கினோம், பூட்டுப் போட்டோம், சாவியை ஆபீஸில் மாட்டினோம். ஜூலையில் பூட்டியதை ஜனவரியில் திறந்தோம். மொட்டைமாடி வடிகால் வாயில் ஒரே ஒரு பாலிதீன் பையும் வேப்பிலைச் சருகும் அடைத்திருந்தது. வடகிழக்குப் பருவமழை முழுக்க மேலேயே தேங்கி, மெதுவாகக் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டாம் மாடி டிராயிங் ஹாலில் பலகைகள் ஈரம் குடித்து, ப்ளைவுட் அடுக்கடுக்காகப் பிரிந்து நின்றன. சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்தது. தொட்டால் பெயிண்டு கையோடு வந்தது. மூலையில் வௌவால் எச்சம். அந்த ஆறு மாதத்தில் மிச்சம் பிடித்ததைவிடப் பழுது பார்க்க ஆன செலவு அதிகம்.

அதற்குப் பிறகு ஒரு முறை வைத்தோம். பூட்டும் முன் மேல்நிலைத் தொட்டியைக் காலி செய்து, துடைத்து, மூடியை இறுக்கினோம். அரைகுறையாகத் தண்ணீர் கிடந்தால் டெங்கு கொசு முட்டையிடும். கழிப்பறைத் தரைக்குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுக்கிறது. ஆள் புழங்காவிட்டால் அது வற்றிவிடும். வாரம் ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும். நீண்ட நாள் மூடுவதென்றால் கடைசியில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டால் மேலே படர்ந்து நின்று தண்ணீர் வற்றுவதைத் தாமதப்படுத்தும். பெஞ்சு நாற்காலிகளைச் சுவரை விட்டுத் தள்ளி, செங்கல் வைத்துத் தூக்கி அடுக்குங்கள், கரையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். நூலகப் புத்தகத்தையும் மாணவர் சான்றிதழ்க் கோப்புகளையும் மூடிய பிளாக்கில் வைக்கவே கூடாது. இருபது வருடம் கழித்து ஒருவர் மதிப்பெண் விவரம் கேட்டு வந்து நிற்பார்.

மின்சாரத்தை அந்த பிளாக்கின் பேனலில் துண்டியுங்கள். சுற்றிப் பார்க்க ஒரு விளக்குச் சுற்றும் தீ எச்சரிக்கை மணியும் மட்டும் உயிரோடு இருக்கட்டும். தீயணைப்புக் குழாயின் வால்வை எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள். லிஃப்டை மேல்தளத்தில் நிறுத்தி அணையுங்கள். கீழே நிறுத்தினால் குழியில் தண்ணீர் ஏறும்போது கேபின் நனையும். பராமரிப்பு ஒப்பந்தக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு லிஃப்ட் சட்டப்படி உள்ள உரிமம் என்னவாகும் என்பதை மின் ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரம் இரண்டு நாள் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மொட்டைமாடியை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, மற்ற மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். செப்டம்பர் கடைசிக்குள் எல்லா வடிகாலும் சுத்தமாகியிருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்தால் மேலே கிள்ளிப் போட்டால் போதாது. வேரோடு எடுத்துவிட்டு அந்த வெடிப்பைச் சிமெண்டால் அடைக்க வேண்டும். சுற்றிப் பார்ப்பவர் ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும், நீங்கள் மாதம் ஒருமுறை அவரோடு போக வேண்டும்.

ஆறாம் படி: மின்கட்டணம்

உடனடியாகப் பெரிய தொகை மிச்சமாகும் இடம் இதுதான். பெரும்பாலான கல்லூரிகளுக்கு உயரழுத்த இணைப்பு இருக்கும். அதில் யூனிட்டுக்கான கட்டணம் தனி, டிமாண்ட் கட்டணம் தனி. நீங்கள் ஒப்பந்தம் செய்த கே.வி.ஏ (மின்சுமையின் அலகு) அளவில் 90 சதவீதம், அல்லது அந்த மாதம் உண்மையில் தொட்ட உச்ச அளவு, இதில் எது அதிகமோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். அதாவது விடுமுறையில் வளாகமே காலியாக இருந்தாலும் 90 சதவீதத்துக்குக் கட்டியாக வேண்டும்.

500 கே.வி.ஏ ஒப்பந்தம் என்றால் மாதாமாதம் குறைந்தது 450-க்குக் கட்டுகிறீர்கள். பில்லைப் பார்த்தால் உண்மையில் தொட்ட உச்சம் 210 என்று இருக்கும். ஒப்பந்தத்தை 240-க்கு இறக்கினால் குறைந்தபட்சம் 216-க்குத்தான் கட்ட வேண்டும். வித்தியாசம் 234 கே.வி.ஏ. கே.வி.ஏ ஒன்றுக்கு 550 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் மாதம் 1,28,700 ரூபாய், வருடத்துக்கு 15 லட்சத்துக்கு மேல். ஒரு விளக்கைக்கூட அணைக்காமல் மிச்சமாகும் பணம் இது. பல கல்லூரிகளில் இந்த விண்ணப்பத்தை யாரும் எழுதவே இல்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

அவசரப்பட்டு மிகவும் இறக்கிவிடவும் கூடாது. ஒப்பந்த அளவைத் தாண்டினால் கூடுதல் அளவுக்கு அதிக விகிதத்தில் கட்ட நேரும். பின்னால் ஏற்ற வேண்டுமென்றால் மறுபடி விண்ணப்பம், வைப்புத் தொகை. கடந்த 24 மாத பில்களையும் எடுத்து, ஏப்ரல் வெயிலில் ஏ.சி ஓடிய மாதம், கல்லூரி விழா நடந்த மாதம் இரண்டிலும் உச்சம் எவ்வளவு என்று பார்த்து, அதற்கு மேல் பத்துப் பதினைந்து சதவீதம் இடம் விட்டு நிர்ணயியுங்கள்.

இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் எல்லா லோடையும் ஒன்றுக்கு மாற்ற முடியுமா என்று உரிமம் பெற்ற எலக்ட்ரிகல் ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள். லோடே இல்லாவிட்டாலும் ஒரு 500 கே.வி.ஏ டிரான்ஸ்ஃபார்மர் ஏறக்குறைய ஒரு கிலோவாட்டைச் சும்மா தின்றுகொண்டிருக்கும். வருடத்துக்கு 8,760 யூனிட். அணைத்து வைத்ததை மறந்துவிடாதீர்கள், அதன் எண்ணெய் ஈரத்தை இழுக்கும். பக்கத்தில் கண்ணாடிக் குடுவையில் இருக்கும் நீலச் சிலிக்கா ஜெல் வெளிறி இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். மீண்டும் இயக்குவதற்கு முன் எண்ணெயைச் சோதிக்க வேண்டும். லோடு குறைந்ததும் கெப்பாசிட்டர் பேங்கையும் அதற்கேற்பச் சரிசெய்யச் சொல்லுங்கள். பவர் ஃபேக்டர் (வாங்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் விகிதம்) 0.90-க்குக் கீழே இறங்கினால் அபராதம்.

ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை அரைமணி நேரம் உண்மையான லோடு கொடுத்து ஓட்டுங்கள். லோடு இல்லாமல் ஓட்டினால் எரியாத டீசல் புகைக்குழாயில் படியும். மூடிய லேப்பின் யு.பி.எஸ் பேட்டரிகளை எடுத்துவந்து, இயங்கும் லேப்பில் மாற்றிப் பயன்படுத்துங்கள். சார்ஜ் ஏறாமல் கிடந்தால் செத்துப்போகும்.

ஏழாம் படி: தண்ணீரும் கழிவுநீரும்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்பது உயிருள்ள நுண்ணுயிர்களால் ஓடும் ஆலை. நாளுக்கு இரண்டு லட்சம் லிட்டருக்குக் கட்டியதில் ஐம்பதாயிரம் லிட்டர் வந்தால், அவற்றுக்குச் சாப்பாடு போதாது. சேறு மெலிந்து, வெளியேறும் தண்ணீர் கலங்கலாகும். தொட்டி இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள். காற்றை ஊதும் ப்ளோயர் ஓடும் நேரத்தைக் குறையுங்கள், முழுவதும் நிறுத்திவிடாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையைப் புதுப்பிக்கும்போது புதிய அளவைத் தெரிவியுங்கள். மே விடுமுறைக்குப் பிறகு ஆலை பழைய நிலைக்கு வரச் சில வாரம் பிடிக்கும், அதை எதிர்பார்த்து வையுங்கள்.

ஆர்.ஓ இயந்திரங்களில் எத்தனை வேண்டும் என்று எண்ணி, மீதியை முறைப்படி நிறுத்துங்கள். ஈரமாக அப்படியே விட்ட மெம்ப்ரேனில் (வடிகட்டும் சவ்வில்) பாசியும் கிருமியும் பிடிக்கும். இயங்குபவற்றின் தண்ணீரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொடுத்து, முடிவைக் குழாய்க்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பெற்றோர் வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எட்டாம் படி: பஸ், விடுதி, மெஸ்

பஸ்ஸில் எவ்வளவு பேர் ஏறுகிறார்கள் என்று தடம் வாரியாக எண்ணுங்கள். அரைகுறையாக வரும் இரண்டு தடங்களை இணைத்தால், கடைசி ஸ்டாப் பிள்ளை காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பாருங்கள். ஆறு மணிக்கு முன்பு என்றால் இணைக்காதீர்கள், அந்தப் பிள்ளை வேறு கல்லூரிக்குப் போய்விடும். ஓடாத வண்டியை எஃப்.சி (வண்டியின் தகுதிச் சான்று) முடிவதற்கு முன்பே விற்பது நல்லது. விற்கும்வரை வரியிலும் காப்பீட்டிலும் என்ன சலுகை உண்டு என்று ஆர்.டி.ஓ அலுவலகத்தில் விசாரியுங்கள்.

விடுதியில் மாடிகளை மூடலாம், மெஸ்ஸின் தரத்தைக் குறைக்கக் கூடாது. ஆள் குறைந்தால் ஒரு ஆளுக்கு ஆகும் சமையல் செலவு கூடத்தான் செய்யும். ஆண்கள் மெஸ்ஸும் பெண்கள் மெஸ்ஸும் தனித்தனியாகச் சமைத்தால், சமையலை ஒன்றாக்கிப் பரிமாறுவதைத் தனியாக வையுங்கள். இரண்டு கொதிகலன், இரண்டு குளிர்பதனப் பெட்டி என்பது ஒன்றாகும்.

ஒன்பதாம் படி: கருவிகளையும் பழைய சாமானையும் வெளியேற்றுவது

ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருப்பதும் லேப்பில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று முதலில் சரிபாருங்கள். பிறகு மூன்று பேர் குழு ஒன்று போட்டு, வைத்துக்கொள்வது, வேறு துறைக்குக் கொடுப்பது, விற்பது, கழிப்பது என்று பிரித்துக் கையெழுத்து வாங்குங்கள். நல்ல லேத், மில்லிங் மெஷின்களைக் காயலான்கடைக்கு எடை போட்டு விற்பது பெரிய பாவம். பக்கத்தில் உள்ள ஐ.டி.ஐ, பாலிடெக்னிக், சிறுதொழில் பட்டறைகளில் கேட்டால் இரண்டு மூன்று மடங்கு விலைக்கு எடுத்துக்கொள்வார்கள், இயந்திரமும் ஓடும். விற்கும்வரை லேத்தின் படுகையில் துரு பிடிக்காமல் கிரீஸ் தடவி வையுங்கள்.

பழைய கம்ப்யூட்டர்களை 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். ஹார்டு டிஸ்கை முழுவதும் அழித்த பிறகு கொடுங்கள், மாணவர் விவரம் எல்லாம் அதில் இருக்கும். வேதியியல் ஆய்வகத்தை அப்படியே பூட்டுவது மட்டும் கூடவே கூடாது. அடர் அமிலம், டைக்ரோமேட் கரைசல், பெயர் அழிந்த பாட்டில்கள் எல்லாவற்றையும் வேதியியல் ஆசிரியரை வைத்துப் பிரித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். வாஷ்பேசினில் ஊற்றச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

பத்தாம் படி: காலியிடத்துக்கு வேறு பயன்

ஆன்லைன் தேர்வு மையமாகக் கணினி லேப்பைக் கொடுப்பது பல கல்லூரிகள் செய்வதுதான், இடையூறும் குறைவு. திறன் பயிற்சி மையம், அதே அறக்கட்டளையின் கலை அறிவியல் கல்லூரி, பாலிடெக்னிக், நர்சிங் கல்லூரி என்று மாற்றுபவர்களும் உண்டு. இதற்குத் தனித்தனி அனுமதி வேண்டும். அதே கட்டிடத்தை இரண்டு கல்லூரிக்குக் கணக்குக் காட்ட முடியாது. வெளியாருக்கு வாடகைக்கு விடுவதென்றால், அறக்கட்டளையின் வருமான வரி விலக்கு, ஜி.எஸ்.டி, சொத்து வரி, மின்கட்டண வகை நான்கும் மாறக்கூடும். ஆடிட்டர் எழுத்தில் சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள். நிலம் வங்கியில் அடமானத்தில் இருந்தால் அவர்களுடைய சம்மதமும் வேண்டும்.

கிடங்காக விடாதீர்கள். பக்கத்துக் கட்டிடத்தில் பிள்ளைகள் படிக்கும்போது அட்டைப்பெட்டியும் பஞ்சும் அடுக்குவது ஆபத்து. வாடகை எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்.

பதினோராம் படி: காகிதங்களும் வருட நாட்காட்டியும்

ஒவ்வொரு கட்டிடத்துக்கும் தாசில்தாரிடம் வாங்கிய கட்டிட உரிமம், உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, மெஸ்ஸுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் இவை எந்தத் தேதியில் முடிகின்றன என்று ஒரே தாளில் எழுதி முதல்வர் அறையில் ஒட்டுங்கள். மூடிய கட்டிடத்துக்கும் உறுதிச் சான்றை விட்டுவிடாதீர்கள், மறுபடி திறக்க நினைக்கும்போது அங்கேதான் சிக்கும்.

வருடச் சுற்று இப்படி ஓடும்: கலந்தாய்வு முடிந்த செப்டம்பரில் நான்கு வருடக் கணக்கைத் திருத்திப் போடுவது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் எது ஒழுகுகிறது என்று குறித்து வைப்பது. ஜனவரியில் இடங்களைக் குறைப்பது பற்றி முடிவெடுத்து, ஏ.ஐ.சி.டி.இ விண்ணப்பத்துக்கும் இணைப்பு ஆய்வுக்கும் தயாராவது. ஏப்ரலில் டிமாண்ட் உச்சத்தைப் பார்த்து மின்வாரியத்துக்கு எழுதுவது. மே மாதத்தில் மாற்றல்.

மூடிய பிளாக்கைத் திறக்கும் நாள் வந்தால் வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். தொட்டியைக் குளோரின் போட்டுக் கழுவி, எல்லாக் குழாயையும் பத்து நிமிடம் திறந்துவிட்டு, தண்ணீர் மாதிரியைச் சோதனைக்குக் கொடுங்கள். வயரிங்கை எலி கடித்திருக்கிறதா என்று இன்சுலேஷன் சோதனை செய்யாமல் மெயினைப் போடாதீர்கள். கூரை மூலைகளில் தேன்கூடு இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்த பிறகு உள்ளே ஆளை அனுப்புங்கள். மூன்றாம் படியில் வரைந்தீர்களே, அந்த வரைபடத்தின் ஒரு பிரதியைச் சட்டம் போட்டு மோட்டார் அறைக்குள், ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டிவையுங்கள்.